டிவோராக் வீட்டுப் பெட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாங்கிய சாமானைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. அரசாங்கம் சும்மா கொடுத்ததுதானே என்ற இளக்காரம். அணுகுண்டு விழுந்தால் கதிர்வீச்சை அளக்க வேண்டுமென்று நெப்ராஸ்கா முழுக்கக் கொடுத்துவைத்த மஞ்சள் பெட்டிகள், பழுது பார்த்து அளவைச் சரிசெய்ய வெர்லின் ஹ்ருஸ்காவின் மேசைக்கு வரும்போது, உள்ளே பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். எலி குட்டி போட்டிருக்கும். ஒரு தடவை பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது.

அன்றைக்கு வந்த பெட்டியில் பேட்டரியே இல்லை. ஆனாலும் முள் பூஜ்யத்தை விட்டு எழும்பி நின்றது.

வெர்லின் அலட்டிக்கொள்ளவில்லை. பனிக்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும்; கம்பளித் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் அதில் மின்சாரம் தங்கி முள்ளை இழுக்கும். வாயால் ஈரமாக ஓர் ஊது ஊதினால் முள் விழுந்துவிடும். பட்டறையில் எல்லோரும் செய்வதுதான். ஊதினார். கண்ணாடியில் படர்ந்த ஆவி மெல்ல விலகியது.

முள் விழவில்லை.

"என்ன பெருசு, மூச்சு தீந்துபோச்சா?" என்றான் வெண்டெல் குசெரா. பனி வலுத்ததால் மற்றவர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். அந்த நிலவறைப் பட்டறையில் அவர்கள் இருவர்தான்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்டா. ஸ்க்ரூ டிரைவர எடு."

சிரித்துக்கொண்டே வந்தான். அவன் வர வர முள் ஏறியது. அலமாரிப் பக்கம் போனான், இறங்கியது. சுவருக்கு அப்பால் கொதிகலன் உறுமிக்கொண்டிருக்க, உயரத்து ஜன்னலைப் பனி சாம்பலாக மூடிக்கொண்டே வர, ஈயப்பற்று வைத்த புகைக்கும் கருகிய காப்பிக்கும் அடியில் வேறொரு வாடை, ஈரக் கையில் நெடுநேரம் பிடித்திருந்த செப்புக் காசின் வாடை, அந்தப் பெட்டியிலிருந்து எழுந்து அவர் தொண்டைக்குள் இறங்கியது. திருப்பிப் பார்த்தார். அடி மூலை நசுங்கியிருந்தது. நசுங்கலில் காய்ந்த பழுப்பு. அதில் ஒட்டிய ஒரு நீள முடி.

"மாட்டுக் கொட்டாயில போட்டு வச்சிருக்கானுங்க, மடப்பயலுங்க."

தொலைபேசி அடித்தது. வெண்டெல்தான் எடுத்தான். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பெட்டிய அனுப்பின ஊர்ல இருந்துதான். தெரியாம அனுப்பிட்டாங்களாம். அது எமில் டிவோராக் வீட்டுப் பெட்டி. குண்டு விழுந்தா ஒளியற பயிற்சிக்காக குடும்பத்தோட பதுங்கறைக்குள்ள இறங்கினானாம். பொண்டாட்டி, தம்பி, ரெண்டு பேரையும் இதாலயே அடிச்சே கொன்னுட்டானாம். அவங்களப் பாத்து முள் ஏறுச்சுன்னு மட்டும் சொல்றானாம்."

"குடிச்சிருப்பான்."

"அவன் குடிக்கவே மாட்டானாம், வெர்லின். கீழ வைங்க அத."

"பெட்டி என்னடா பண்ணும்? அலுமினியமும் கம்பியும். காத்து காஞ்சு கிடக்கு, முள் ஏறுது. இதுக்குப் போய் பொம்பள மாதிரி நடுங்குற."

"கையக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். கைப்பிடியைச் சுற்றி அவர் விரல்கள் வெளுத்திருந்தன. எப்போது தூக்கினார் என்று நினைவில்லை. கீழே வைத்துவிட்டால் இந்தப் பொடியன் சொன்னதுக்குப் பயந்த மாதிரி ஆகிவிடும். இன்னொரு தடவை ஊதினார். அப்படியும் விழாததால், முள் நிஜமாகவே அவனைத்தான் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஓர் எட்டு அவனை நோக்கி வைத்தார்.

ஏறியது.

"வெர்லின், வேணாம். வெளயாட்டு இல்ல இது."

"நில்லுடா. அசையாத. சரிபாத்துட்டுப் போறேன்."

இன்னோர் எட்டு. வெண்டெலின் முதுகு அலமாரியில் முட்டியது. மஞ்சள் பெட்டிகள் கலகலத்தன. முள் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே துடித்தது. கைப்பிடி சூடாக இருந்தது. உடம்புச் சூடு. தோள் தானாக உயர்ந்தது. இறக்கத்தான் நினைத்தார்.

இறங்கியது. அவன் முகத்தில்.

எலும்பு முறிந்த சத்தம். பச்சை மிளார் ஒடிவது போல. "பெருசு—" என்றான், பல்லோடு. மறுபடி. கை மேலே போயிற்று. கீழே வந்தது. கண்ணாடியில் சூடாகத் தெறித்தது. மறுபடி. அவன் கைகள் அவர் சட்டையைப் பிடித்தன. விட்டன. மறுபடி. கொதிகலன் உறுமியது. மறுபடி. தரையில் குதிகால் ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது.

நின்றது.

முள் பூஜ்யத்தில் கிடந்தது. சாதுவாக.

"பாத்தியா" என்றார் வெர்லின், மூச்சு வாங்க. "விழுந்துடுச்சு."

முகம் என்று ஒன்று இல்லாத அதைத் தாண்டினார். படியேறினார். கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. குளிரில் மரத்திருக்கும், வேறென்ன.

வெளியே பனி கொட்டியது. விளக்கைப் போட்டபடி தெருவோரம் கார் நின்றது. அவர் மனைவி லுசில் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"எவ்ளோ நேரம்யா காத்துக் கெடக்கறது? வழிய மூடிருவாங்க. வெண்டெலும் வர்றானா?"

"அவன் வரல."

"கையில என்ன?"

வெர்லின் குனிந்து பார்த்தார். சிவப்புப் படிந்த கண்ணாடிக்கடியில் முள் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

காத்து காஞ்சு கிடக்கு, என்று சொல்லிக்கொண்டார். பட்டறைக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கார் விளக்கை நோக்கி நடந்தார். ஒவ்வோர் எட்டுக்கும் முள் ஒரு கோடு ஏறியது.