ஷிஃப்ரா சொல்லாத வார்த்தை

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பினா ஆற்றங்கரையில் தையற்காரர் கால்மனின் கோட்டும் பூட்ஸும் கிடந்தன. ஆளைக் காணவில்லை. படகுக்காரர்கள் துழாவிப் பார்த்தும் பிணம் கிடைக்கவில்லை.

சாவு உறுதியாகாமல் துக்கத்துக்கு உட்காரக் கூடாது என்பது யூதர் வழக்கம். யூத மதகுருவான ரப்பி, மருந்துக்கடை ஹெனொக்கை விசாரிக்க அனுப்பினார். பின்ஸ்க் நகரில் எந்தத் திருட்டானாலும் போலீசுக்கு முன்னால் மோப்பம் பிடிப்பவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை. தையற்காரர் வீடு நிறைய அக்கம்பக்கத்துப் பெண்கள். மகள் மீர்ல் அழுது அழுது குரல் போய் உள்ளறையில் கிடந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். கால்மனின் மனைவி ஷிஃப்ரா அடுப்போரம் நின்றாள்.

"கடைசியா எப்பப் பாத்தே?" ஹெனொக் கேட்டார்.

"திங்கக்கிழமை சாயங்காலம். துணி வாங்கக் கிளம்பினாரு."

"சண்டையா?"

"எந்த வீட்டுல இல்ல?"

"நீச்சல் தெரியுமா?"

"அந்த மனுஷனுக்குக் குளிக்கவே பயம்."

மீன்காரி த்வோஷெ மூக்கைச் சிந்தினாள். "தங்கமான மனுஷன் கால்மன், அவர் ஆத்மா சாந்தியடையட்டும்..."

"தூ, தூ, தூ!" ஷிஃப்ரா சட்டென்று திரும்பி மூன்று முறை துப்பினாள்.

யாரும் கவனிக்கவில்லை. ஹெனொக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஷிஃப்ரா, ஆத்தங்கரையில கோட்டைப் போட்டது நீதான். கால்மன் உயிரோட இருக்காரு."



"செத்தவங்க பேரை எடுத்தா, 'ஆத்மா சாந்தியடையட்டும்'னு சொல்லாம நம்ம ஜனங்களுக்குப் பேச்சே வராது. நீ ஒரு தடவைகூடச் சொல்லல. த்வோஷெ சொன்னதும் துப்பினே. கெட்ட வாக்கு பலிக்கக் கூடாதுன்னுதானே துப்புவோம்? செத்தவனுக்கு இனிமே என்ன பலிக்கப்போகுது?"

வழக்கம்போல் பாராட்டை எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"வார்சாவுல இருக்காரு," என்றாள் ஷிஃப்ரா. "தொப்பிக் கடைக்காரியோட. ஓடிப்போனவன் பொண்ணை எந்தச் சம்பந்தி வீட்டுல ஏத்துப்பாங்க, ஹெனொக் ஐயா? ஊரை ஏமாத்திட்டேன். ஆனா அந்த வார்த்தை... இருபது வருஷம் அவரோட வாழ்ந்தவ. நாக்கு எழும்பல."

ஹெனொக் அவசரமாகத் தொப்பியை எடுத்துக்கொண்டார். இதை ரப்பியிடம் மட்டும் சொல்லியிருக்கலாம்.

உள்ளறைக் கதவு திறந்தது.

"அப்பா சாகலியா?" கட்டிப்போன குரலில் மீர்ல் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள். "அம்மா, அப்பா உயிரோட இருக்காராம்! நெஜமாவே இருக்காராம்மா!"

ஷிஃப்ரா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் அந்தப் பெண் கதறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

ஹெனொக் தலை நிமிராமல் வெளியேறினார்.