பந்து நின்ற நேரம்

கணினி உறைந்த அதே நொடியில், அடுத்த அறையில் மகள் சுவரில் அடித்துக்கொண்டிருந்த பந்தின் சத்தமும் நின்றது. காலையில் இரண்டு முறை இப்படி ஆனதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை காதில் பட்டது.

கட்டட வரைபடம் வரைவது அவன் தொழில். கடையில் விற்கும் எந்தக் கணினியும் அவனுக்கு ஆகாது. பாகம் பாகமாகத் தேடி வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை தரையில் பழைய போர்வையை விரித்து, ஏழு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்தக் கணினியைத் தானே பூட்டி உருவாக்கினான். கடைசித் திருகாணியை நான்தான் போடுவேன் என்று அவள் அடம்பிடித்தாள். பெட்டியின் தகர விளிம்பு அவள் விரலைக் கிழித்துவிட்டது. மதர்போர்டின் மேல் ஒரு சொட்டு ரத்தம். அவன் அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அழுத பிள்ளையைச் சிரிக்கவைக்க, "பலி கொடுத்தாச்சு குட்டி, இனிமே பாரு, பிச்சுக்கிட்டு ஓடும்" என்றான். கணினி பூட்டுகிறவர்கள் விரலைக் கிழித்துக்கொள்ளும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற பேச்சுதான்.

ஓடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை உறைந்தது. திரையில் அம்புக்குறி அப்படியே நிற்கும், உள்ளே விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பிராசசருக்குச் சூடு தணிக்கும் பசையைப் புதிதாகத் தடவினான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் திருடன் சிக்குவான் என்பது அவன் கொள்கை. நேற்று மதியம் அலுத்துப்போய், உறைந்ததை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தவன், அசந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டான். எழுந்து மறுபடி ஓடவிட்டதும் மகள் வந்து நின்றாள்.

"எங்கப்பா போனீங்க? எவ்ளோ நேரம் கூப்பிட்டேன் தெரியுமா?"

"வாயால கூப்பிட்டியா, மனசால கூப்பிட்டியா?" என்று அவன் கிண்டலடித்தான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உள்ள இருந்துதான்."

இன்றும் பள்ளி விடுமுறை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள், ஆறு மணிக்குத்தான் வருவாள். வெளியே மழை. உறைந்த கணினியை மறுபடி ஓடவிடும் ரீசெட் பொத்தானே பழுதோ என்ற சந்தேகத்தில், அதன் ஒயர்களைக் காலையில் பிடுங்கிப் போட்டிருந்தான். பொத்தானுக்குப் பதில், போர்டில் இருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு இணைத்தால் போதும். நூறு தடவை செய்த வேலை.

தொட்டான். திரை கறுத்து, மீண்டும் வெளுத்தது.

தட். தட். தட்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க அவனால் முடியாது. கனமான வரைபடங்கள் நான்கை ஒன்றாகத் திறந்துவிட்டு, சூடேறிய தகரத்தின் நெடியும் ஜன்னல் வழியே வந்த ஈரமண் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் சுவரில் பட்டுத் திரும்பும் அந்தப் பந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

அம்புக்குறி நின்றது.

முப்பத்து மூன்று வரவில்லை.

"குட்டி?"

மழை மட்டும் கேட்டது. அவசரமாக ஊசிகளைத் தொட்டான். தட்.

"அப்பா, அப்படிப் பண்ணாதீங்கப்பா." சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகைக் குரல்.

"எப்படிடா?"

"அசைய முடியல. நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. பதில் சொல்ல வரல."

"இங்க வந்துடு குட்டி. பந்தைப் போட்டுட்டு ஓடி வா."

"வரேன். இதோ, ஒண்ணே ஒண்ணு."

தட்.

திரை உறைந்தது.

இல்லை. இப்போது வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எந்த ஊசிகள்? வலது ஓரம். மேல் வரிசை. உள்ளங்கை வியர்த்திருந்தது. முனை வழுக்கியது.

நீலப் பொறி. கருகிய நாற்றம். விசிறிகள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன.

ஊசிகளைத் தொட்டான். மறுபடி தொட்டான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். எதுவும் இல்லை. போர்டில் எப்போதும் எரியும் சிறு பச்சை விளக்குகூட எரியவில்லை.

எழுந்தான். அடுத்த அறை எட்டே அடி தூரம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். பந்தைப் பிடிக்கக் கைகள் நீண்டிருந்தன. பின்னல் தோளைவிட்டு எழும்பி, கீழே விழாமல் இருந்தது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில், அவள் நெஞ்சுக்கு நேராக, காற்றில் பந்து.

"குட்டி."

மூச்சு இல்லை. அவள் முன்னால் மண்டியிட்டு முகத்தைப் பார்த்தான்.

கண்கள் மட்டும், மெதுவாக, அவன் பக்கம் திரும்பின.