அமைதியான கேபின்

கடைசி இருக்கையின் தலைமாட்டில், சுவரில் பொருத்தியிருந்த மைக்கில் மட்டும், யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

அவள் ஒலிப் பொறியாளர். பெரிய தொழிலதிபர்களுக்காக உருவாகிக்கொண்டிருந்த அந்தக் குட்டி ஜெட் இன்னும் விற்பனைக்கு வரவில்லை, சோதனைக்காகப் பறந்துகொண்டிருந்தது. படுக்கையாக விரியும் தோல் இருக்கைகள், பொத்தானைத் தொட்டால் இருண்டுபோகும் அகலமான ஜன்னல்கள் எல்லாம் மற்றவர்களின் கைவண்ணம். அதன் அமைதி அவளுடையது. சுவருக்குள் பஞ்சும் ரப்பரும் அடுக்கடுக்காகத் திணித்து, என்ஜின் இரைச்சலைத் தூரத்து மழையாகக் குறைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புதுத் தோலின் வாசனையும் பசையின் நெடியும் கலந்து கிடந்த அந்தப் பகல் வெளிச்சத்தில், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தனியாக நின்றாள். முன்னால் விமானி அறையில் அவளுடைய அண்ணனும் துணை விமானியும் இருந்தார்கள்; ஹெட்போன் வழியாகவே அவர்களோடு பேசலாம்.

"அண்ணா, பின்னாடி ஏதாவது கழண்டிருக்கா? சுரண்டுற மாதிரி சத்தம் வருது."

"உன் மைக்குக்கு எறும்பு ஊர்றதுகூடக் கேக்குமே!" அண்ணன் சிரித்தான். "மேகத்துக்கு மேல இருக்கோம். இங்க பேய் ஏறினாலும் முதல்ல ஆக்சிஜன் மாஸ்க்தான் கேக்கும்."

விமானம் லேசாகக் குலுங்கியது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

சத்தம் இப்போது அடுத்த மைக்குக்கு வந்திருந்தது. பிறகு அதற்கும் அடுத்தது. வெளிச்சுவரைப் பற்றிப் பற்றி, வாலிலிருந்து மூக்கை நோக்கி ஏதோ ஊர்ந்து வந்தது. ரத்தம் உறையும் குளிர் அங்கே. மூச்சு விடக் காற்றும் கிடையாது.

"அண்ணா?"



சத்தம் அவளுக்குப் பக்கத்து ஜன்னலருகே வந்து நின்றது.

டொக். டொக்.

"வாலு." அண்ணனின் குரல். சின்ன வயதில் அவன் வைத்த பெயர். அவன் பற்கள் தந்தியடித்தன. "கதவைத் திற. குளிருது."

குரல் விமானி அறையிலிருந்து வரவில்லை. சுவர் மைக்கிலிருந்து வந்தது.

பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் முகம். இமைகளில் பனி. உதடு நீலம். அந்த அசுரக் காற்றில் ஒரு முடிகூட அசையவில்லை.

"அண்ணா!" என்று அலறிக்கொண்டே முன்பக்கம் ஓடி, விமானி அறைக் கதவை இழுத்துத் திறந்தாள்.

துணை விமானி தன் இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தார். பக்கத்து இருக்கையையே வெறித்தார். வாய் திறந்திருந்தது.

அங்கே அண்ணனின் சட்டை. அண்ணனின் தோள். அண்ணனின் கைகள் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தன.

தலை மெல்லத் திரும்பியது. தோள் அசையவில்லை. பக்கவாட்டைத் தாண்டியும் கழுத்து திரும்பிக்கொண்டே வந்தது.