ஆழமான புண்ணுக்கு

தேவிகுளத்திலிருந்து ஜீப் புறப்பட்டபோது மழை வெறும் தூறலாகத்தான் இருந்தது. செல்வப்பிரியா நர்ஸ். படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்கே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது அவள் வேலை. சொந்த ஊர் கோவிந்தாபுரம். மலைக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. அன்று கடைசியாகப் பார்க்க வேண்டியவர், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில் காலில் சர்க்கரைப் புண்ணோடு கிடந்த சந்தனம். அவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தால், கீழே சாலையை மண் சரிந்து மூடியிருந்தது.

"சிஸ்டரே, இனி ஜீப் போகாது," என்றான் டிரைவர் ஜோபி. "நான் நடந்து போய் ஜேசிபிக்குச் சொல்லிட்டு வரேன். நனையாம அந்தப் பழைய டிஸ்பென்சரியில இருங்க."

பூட்டிக்கூட வைக்காத தகரக் கூரைக் கட்டடம். உள்ளே நனைந்த சுண்ணாம்பு வாடை. அதற்கும் அடியில், அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாடை. பெஞ்சில் பையை வைத்து உட்கார்ந்தாள். மத்தியானம்தான் ஆகியிருந்தது, ஆனால் ஜன்னல் கண்ணாடியை மூடுபனி வெள்ளையாக அடைத்துவிட்டது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண். கொழுந்து கிள்ளுகிறவர்கள் இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் தாள் அவள் இடுப்பிலும் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சிஸ்டர், கை எரியுது," என்றாள் மெல்ல.

முழங்கை வரை வெந்த புண். செல்வப்பிரியா பையைத் திறந்தாள். "எப்படி ஆச்சுங்க?"

"வெந்நி கொட்டிருச்சு. மொதல்ல வறட்டுப் பஞ்சை வச்சுக் கட்டுனாக. பிரிக்கையில தோலும் சேந்து வந்துச்சு."

"இது ஒட்டாதுங்க. பயப்படாதீங்க." சலைனால் கழுவி, பாரஃபின் தோய்ந்த வலைத்துணியைப் பரப்பிக் கட்டினாள். கை சில்லென்று இருந்தது. மழையில் நனைந்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"முட்டியில நீர் வடியுது."

நீர் வடியும் புண்ணுக்கு வெறும் துணி போதாது. உறிஞ்சுகிற ஃபோம் வேண்டும். அதை எடுத்து ஒட்டினாள். ஒட்டிய கையோடு ஃபோம் உப்பிக் கனத்தது.

செம்மண் நிறம்.

"முதுகுலயும் இருக்கு சிஸ்டர்."

முஷ்டி நுழையும் குழி. இரத்தம் இல்லை. பழகிய வேலை தானாக நடந்தது. ஆழமான புண்ணை மேலே மூடிவிடக் கூடாது. நாடா மாதிரியான துணியை சலைனில் நனைத்து, இறுக்காமல் உள்ளே நிரப்பி, எடுப்பதற்கு ஒரு முனையை வெளியே விட வேண்டும். அவள் நிரப்பினாள். சுருள் கரைந்துகொண்டே போனது. குழி நிரம்பவில்லை.

மனித முதுகு இவ்வளவு ஆழம் இருக்காது.

உள்ளிருந்து யாரோ துணியை இழுத்தார்கள்.

கையை உதறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். தள்ளினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். மறுபக்கம் ஒரு மலையே சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள்.

வெள்ளை போய்விட்டது. கண்ணாடி முழுக்க மண். அதில் அறுந்த வேர்கள்.

மூச்சு முட்டியது.

"மண்ணுக்குள்ள இருந்து எங்கள எடுக்க ஒருத்தரும் வரல," என்றது குரல், அவள் காதருகே. "நீங்கதான் வந்தீக."

"என்னைய விட்டுருங்க... நான் போகோணுங்க."

"போங்க. உங்களுக்கும் கட்டிவிட்டுட்டா முடிஞ்சது."

பிடரியில் சில்லென்ற விரல்கள் பதிந்தன.

அவள் அலறிய அலறலில், திரும்பி வந்துகொண்டிருந்த ஜோபி ஓடிவந்து கதவை இழுத்தான். ஒரு விரல் இழுப்புக்கே திறந்தது. வெளியே மூடுபனி மட்டும்தான், மண் இல்லை. பெஞ்சு காலி.

"சிஸ்டரே, கழுத்துக்குப் பின்னால என்ன கட்டு?"

பிய்த்துப் பார்த்தாள். பாரஃபின் துணி. அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

லீவு போட்டு கோவிந்தாபுரம் வந்தாள். அம்மா கோமதி பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அப்படியும் விடிந்ததும் பிடரியில் புதுக்கட்டு இருந்தது. "ஏங்கண்ணு, இதை நீயா கட்டிக்கிற?" என்று கோமதி அழுதாள். சில நாளில் பாரஃபின் துணி போய், செம்மண் நீரில் கனத்த ஃபோம் வந்தது. தோலில் அப்போதும் காயமில்லை. டாக்டர்கள் கையை விரித்தார்கள். செல்வப்பிரியா மட்டும் கட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இன்னும் வராத ஒரு புண் வளர்ந்துகொண்டிருந்தது.

இன்று காலை ஃபோம் இல்லை. பிடரியில் நாடாத் துணியின் ஒரு முனை மட்டும் தொங்கியது.

கோமதி அதை மெல்லப் பிடித்து இழுத்தாள்.

மறுமுனையை உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.