சுவர் வழியே வந்த இரை

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையிலிருந்து வெளியே வந்த கரப்பான் கொழுகொழுவென்று இருந்தது. அதுதான் சிஹோவை உறுத்தியது. அவள் அலமாரிக்குள் பெட்டி வைத்து வளர்க்கும் டூபியா கரப்பான்கள் காரட்டும் தவிடும் தின்பவை. ஒன்றுகூட இந்தப் பருமனுக்கு வந்ததில்லை. இடுக்கியில் தூக்கியபோது கனத்தது. கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கடியில் கிடந்த கொன்பு, அவளுடைய தாடி ஓணான், பெட்டிப் பூச்சியைக் காட்டினால் சில நாட்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிடிவாதக்காரன், இதைக் கண்டதும் ஓடிவந்து லபக்கென்று கவ்வினான்.

"உனக்கு வந்த வாழ்வைப் பாரு," என்றாள் சிஹோ. சிரிப்பு வரவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், தனியாக வாழும் முதியவர் கனெஹிராவின் வீடு.

ஜப்பானின் வடகோடி ஊரான அசாஹிகாவாவின் குளிரில் கரப்பான் தங்காது. அதைக் கண்ணால் பார்க்காமலே கிழடுதட்டியவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஊரில் போய் அவள் கொன்புவுக்குத் தீனியாக அதைத் தேர்ந்தெடுத்தாள். செல்லப்பிராணிக் கடைக்காரன் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டத்தான் செய்தான். சில்வண்டு ராத்திரியெல்லாம் கத்தும். மாவுப் புழுவின் தடித்த தோல் ஓணானுக்குச் செரிக்காது. பட்டுப்புழு எப்போதும் கிடைக்காது.

"அப்ப உங்களுக்கு டூபியாதான்," என்றான். "கத்தாது, நாறாது, வழுக்குற பெட்டில ஏறாது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பூச்சிக்கு நீங்க எதைப் போடுறீங்களோ, அதுதான் ஓணான் வயித்துக்குப் போகும். நல்லதாப் போடுங்க."

அவளோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைத் திட்டமிடும் சத்துணவு நிபுணர். அவன் சொன்னது அவளுக்குப் பிடித்துத்தான் போனது. ஆனால் உண்மையில் அவளைக் கவர்ந்தது 'தெரியாது' என்ற சொல். வீட்டில் கரப்பான் வளர்க்கிறாள் என்று பள்ளிக்குத் தெரிந்தால் அந்தச் சமையலறைப் பக்கம் யார் விடுவார்கள்?

இலையுதிர் காலத்தில், பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கை நழுவியது. சில பூச்சிகள் அந்த ஓட்டைக்குள் ஓடிவிட்டன. குளிர் வந்தால் செத்துப்போகும் என்று வாயை மூடிக்கொண்டாள். போனவை திரும்பி வரலாம் என்ற நப்பாசையில் ஓட்டையை அடைக்கவும் இல்லை.

முதல் பனி விழுந்த வாரம், ஒட்டி நின்ற அந்த வரிசை வீடுகளின் குடியிருப்போர் தலைவி மிதானி, செத்த கரப்பான் ஒன்றைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"கூரை வரைக்கும் செய்தித்தாளை அடுக்கி வச்சிருக்கிறவர் வீட்டிலிருந்து வராம வேற எங்கிருந்து வரும்?" என்றாள். "ஒகுடாசான், நீங்கதான அடுத்த வீடு. நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

எல்லோரும் ஒகுடா சிஹோவைப் பார்த்தார்கள். "நானும் அவர் கதவுகிட்டதான் பாத்தேன்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

தோள்வரை வெள்ளை முடி தொங்க, கனெஹிரா குனிந்தார். "என் வீட்டிலிருந்துதான் இருக்கும். மன்னிச்சுக்கோங்க." பிறகு சிஹோவின் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு, ஒகுடாசான்," என்று இன்னும் தாழக் குனிந்தார். அவள் வேலைக்குக் கிளம்பும் முன்பே அவள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப்போடும் மனிதர். பதிலுக்கு அவளும் குனிந்தாள். எதிரில் இருப்பவர் நிமிரும்வரை தானும் நிமிராத பழங்காலத்து ஆள் அவர். அவளுக்கோ அவர் முகத்தைப் பார்க்கும் துணிவில்லை. இருவரும் குனிந்தபடியே பனியில் நின்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்றைக்கே மிதானி ஓர் ஏற்பாடு செய்தாள். வீடு வீடாகக் கை மாறும் அறிவிப்புப் பலகையைச் சிஹோ இனி கனெஹிராவிடம் கொடுக்க வேண்டாம், அவரைத் தாண்டி நேரே தன்னிடம் கொண்டுவந்தால் போதும். சிஹோ தலையாட்டினாள். அவர் கதவைத் தட்ட வேண்டியிருந்த ஒரே ஆளும் தட்டாமல் போனாள்.

இப்போது நடுக்குளிர். ஓட்டையிலிருந்து பூச்சிகள் தினமும் வந்தன. நேற்றையதைவிட இன்றையது தடிமனாக, வயிறு இழுபட, ஏதோ விருந்திலிருந்து எழுந்து வருவதுபோல் மெதுவாக வந்தன. கொன்பு வேறெதையும் தொடவில்லை. அவன் வாயிலிருந்து இனித்த, கெட்டுப்போன ஒரு வாடை வந்தது. பலகையைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் கனெஹிராவின் வாசலைக் கடந்தாள். பனி கதவின் பாதிவரை ஏறிக் கிடந்தது. அதன்மேல் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"ஆள் வெளியவே காணோம்," என்றாள் மிதானி. "வெட்கமா இருக்கும்ல."

"சுவர் சூடாத்தான் இருக்கு. அடுப்பு எரியுது போல," என்றாள் சிஹோ.

"அப்பச் சரி."

அந்தச் சுவரைத்தான் அவள் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. காதை வைத்தால் உள்ளே தவிட்டைக் கையால் அளைவது போன்ற சத்தம், விடாமல், மெல்ல, சுவரின் முழு நீளத்துக்கும் கேட்டது. அவர் செய்தித்தாள்களைப் புரட்டுகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். அந்த நாளை வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கொன்புவின் வாயோரம் ஏதோ தொங்கியது. நூல் என்று நினைத்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. விரல்களுக்கு நடுவே, நீளமாக, வெள்ளையாக.

முடி.

பூச்சிக்கு எதைப் போடுகிறீர்களோ.

மண்வாரியை எடுத்தாள். இருட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ காலையில் அவர் அவளுக்காக அள்ளியதை இப்போது அவள் அவருக்காக அள்ளினாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பிடியைத் திருப்பினாள். பூட்டியிருக்கவில்லை.

வெப்பம் முகத்தில் மோதியது. பிறகு அந்த இனிப்பு வாடை. செருப்புக் கழற்றும் இடத்தைத் தாண்டி, கதவைப் பார்த்தபடி கனெஹிரா மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் தரையில். நெற்றியும் தரையில். யாராவது வந்தால் மன்னிப்புக் கேட்கத் தயாராக. முதுகைப் பழுப்புச் சால்வை மூடியிருந்தது.

"கனெஹிராசான்."

சால்வை பளபளத்தது. நகர்ந்தது. அது சால்வை இல்லை.

ஓடியிருக்கலாம். அவமானம் காலைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் மடிய அவளும் தரையில் விழுந்து நெற்றியைப் பதித்தாள்.

"அது என் பூச்சி. உங்க வீட்டுது இல்ல. நான்தான். நான்தான் பொய் சொன்னேன்."

தவிடு அளையும் சத்தம் நின்றது.

அவர் கேட்டுவிட்டார்.

மெல்லிய கால்கள் அவள் விரலில் ஏறின. மணிக்கட்டில். சட்டைக் கைக்குள். கனமாக. அவசரமில்லாமல்.

அவள் அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

எதிரே, ஒரு கை தூரத்தில், அவர் குனிந்தபடி காத்திருந்தார். அவள் நிமிர்ந்தால் அவரும் நிமிர்வார்.