மடிக்கக் கூடாத துணி

"ஐயையோ... மடிக்காதீங்க! சார்... தொடாதீங்க!"

ஏரி நடுவில் படகில் எழுந்து நின்று அவள் போட்ட கூச்சலில் படகே ஓர் ஆட்டம் ஆடியது. கரையில் நின்ற நெட்டையனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு மேலே விமானம் உறுமிக்கொண்டிருந்தது. வெயிலோடு தூறலும் சேர்ந்துகொண்டது. புல்வெளியில் அவள் விரித்து வைத்திருந்த வெள்ளை, சாம்பல், கறுப்பு என்ற மூன்று பெரிய துணிகளையும் ஓரம் பார்த்து அழகாக மடித்து அடுக்கிவிட்டு... விமானத்தைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான்!

கரைக்கு வந்து மூச்சிரைக்க ஓடினாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"மழை வருதுங்க... யாரோ காயப்போட்டுட்டு மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒரு ரூம் அளவு இருக்கு! இதைப் போய் யாராச்சும் காயப்போடுவாங்களா?"

"பெரிய குடும்பமா இருக்கும்னு..."

கோபத்தின் நடுவே சிரிப்பு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். சே... மழைத்துளி சொட்டும் இமையோடு இப்படி அப்பாவியாகப் பார்த்தால் ஒருத்தி எப்படித்தான் திட்டுவது?

விமானத்தின் வயிற்றில் ஒரு கேமரா இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிவதை அது நூறு பச்சையாகப் பிரித்துப் பார்க்கும். எங்கே புல், எங்கே பயிர், தண்ணீரில் எங்கே பாசி என்று புட்டுப் புட்டு வைக்கும். ஆனால் அன்றைய வெளிச்சம் எவ்வளவு என்று அதற்குத் தெரிய வேண்டுமே... அதற்குத்தான் நிறத்தை முன்பே அளந்து வைத்த இந்தத் துணிகள். இவை படத்தில் விழாவிட்டால் மற்றதை யாரும் நம்ப வேண்டியதில்லை. துணி விரிப்பதும், விமானம் பறக்கும் அதே நேரத்தில் ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பதும் அவள் வேலை. இத்தனையையும் ஒரே மூச்சில் அவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ... மறுபடியும் பறக்கணுமா?"

"மேகம் விலகினாத்தான். அதுவரைக்கும் நான் இங்கேயே குப்பை கொட்டணும். எல்லாம் உங்க புண்ணியம்!"

"அப்போ நல்ல காரியம்தான் பண்ணியிருக்கேன்" என்று அவன் முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இல்லை.

கரையோரச் செடி நர்சரி அவனுடையதும் அவன் அப்பாவுடையதும். துணி விரிக்க அனுமதி கொடுத்த அப்பா, மகனிடம் சொல்ல மறந்துவிட்டார். அந்தப் பாவத்தைக் கழுவத்தானோ என்னவோ, மகன் தினமும் வந்தான். துணி பறக்காமல் மூலைக்கு வைக்கப் பூந்தொட்டிகளைச் சுமந்து வந்தான். அவள் 'தொட்டிக்காரர்' என்றாள். அவன் 'துணிக்காரி' என்றான்.

"இலை வாடறதுக்கு முன்னாடியே உங்க கேமராவுக்குத் தெரிஞ்சுடுமாமே?"

"தெரிஞ்சுடும்."

"மனுஷன் வாடினா?"

"அதுக்கெதுக்கு விமானம்? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காது மடல்கள் சுட்டன. மேகம் இன்னும் நாலு நாள் அப்படியே இருந்தால்தான் என்ன!

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. முதல் படத்தைக் கணினியில் திறந்தவள் திடுக்கிட்டாள். ஏரிப் பாசி அடர்த்தியாகத் தொடங்கும் இடம்... நர்சரியின் கழிவு வாய்க்கால். மறைக்க மனம் வரவில்லை. அவனிடமே காட்டினாள்.

"துணி இல்லாம எடுத்த படம். இதை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது. அடுத்த படத்துல தெரிஞ்சுடும்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வெடித்தது.

"எங்க இடத்துலயே துணியை விரிச்சு, எங்க தலையிலேயே கல்லைத் தூக்கிப் போடறியாம்மா? இது நகராட்சிக்குப் போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!" மகனிடம் திரும்பினார். "டேய், அன்னைக்கு மடிச்ச மாதிரி இன்னொரு தடவை மடிச்சுடு. யாரு கேக்கப் போறா?"

அவள் அவனையே பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன்... அவன் தலை குனிந்து நின்றான். பூந்தொட்டிகளை எல்லாம் நர்சரி வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தாள். ரோஷம்!

மேகம் விலகியது. காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு அடித்தது. துணி மூலைகளில் கற்களை வைத்துவிட்டு அவள் படகில் ஏறினாள். நடு ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள் விமானச் சத்தம்... வெள்ளைத் துணியின் ஓரம் படபடத்து எழுந்தது. ஒரு கல் உருண்டது. நர்சரியிலிருந்து அவன் தலைதெறிக்க ஓடி வந்தான். நேராகத் துணியை நோக்கி.

போச்சு... மடிக்கப் போகிறான். கண் நிறைந்து கரையே கலங்கித் தெரிந்தது.

அவன் மடிக்கவில்லை. புல்லில் குப்புற விழுந்து, துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கறுப்புத் துணியும் எழும்பியது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு உருவம் ஓடி வந்து அதன் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. விமானம் கடந்து போனது. அழுதுகொண்டே அவள் தண்ணீர் பிடித்தாள்.

கரைக்கு வந்ததும் அவனிடம் கேட்டாள். "ஏன்?"

"பாசி எங்களால வந்ததுன்னா அது தெரியட்டும். அன்னைக்கு அப்பா முன்னாடி எனக்கு வாயே வரலை... அதான் வாய்க்கால் தண்ணியைத் திருப்பிவிடக் குழி வெட்டினேன். உரத் தண்ணி இனிமே ஏரிக்குப் போகாது." கண்ணில் மண், தலையில் புல். "உங்க படத்தைப் பொய்யாக்கிட்டு உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? எனக்கு... அந்த மூஞ்சியைத் தினமும் பாக்கணுங்க."

அப்பா எழுந்து தூசி தட்டினார். "என்னை ஏன் பாக்கறே? கோவம் இன்னும் போகலை. இந்தக் காத்துல இவன் ஒருத்தனா எத்தனை மூலையைப் புடிப்பான்?"

அவள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. விமானத்திலிருந்து கேப்டன்.

"மூணு துணியும் படத்துல சுத்தமா விழுந்திருக்கும்மா. வெள்ளைத் துணி ஓரத்துல யாரோ குப்புறக் கிடக்கறாரே... யாரு?"

அவள் அவனைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"நான் கட்டிக்கப் போறவர், கேப்டன்."

"என்னைக் கேக்கவே இல்லையே!" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

"அப்போ கறுப்புத் துணிகிட்ட உக்காந்திருக்கிற பெரியவர்?"

"அவரா..." பெரியவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "என் மாமனார்."

பெரியவர் தொப்பியைச் சரிசெய்தபடி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்று தள்ளிக்கொண்டு வந்த மேகத்திலிருந்து தூறல் விழுந்தது.

"மழை வருதுல்ல... என்ன வேடிக்கை? ரெண்டு பேருமாச் சேர்ந்து துணியை மடிங்க" என்றார்.