சுமையாளின் காலடி

திரையில் நடந்துகொண்டிருந்த வணிகர் தலைவனைத் தேவிப்பிரியா நிறுத்தினாள். அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் மூட்டை சுமந்து வந்த ஆளும் நின்றான். காலடி ஓசை மட்டும் இன்னும் கொஞ்சம் நடந்து வந்துதான் நின்றது.

மறுபடி நடக்கவிட்டாள், மறுபடி நிறுத்தினாள். அதேதான். உச்சுக் கொட்டிக்கொண்டு, அந்த விளையாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த விமர்சனத்தில் குறைகளோடு குறையாக அதையும் சேர்த்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் சாலையில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் தனியாக நின்ற புது வீடு அது. பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவள் அவள். ஆட்களைக் குறைத்தபோது முதல் ஆளாக அவளைத்தான் அனுப்பினார்கள். கணவன் மாதுவுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை, வாரக் கடைசியில் வருவான். கட்டின வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது என்று அவனாகவே முடிவெடுத்து, அவளைக் கொண்டுவந்து அதில் வைத்திருந்தான். ஒரு விளக்கை ஏற்றி வைப்பது போல வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். தோன்றும்போதெல்லாம் தாடை இறுகும்.

இங்கே அவளுக்கென்று இருந்தது 'நிறை குறை' என்ற யூடியூப் சேனல் ஒன்றுதான். ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற விளையாட்டுகள், படையையோ ஊரையோ திட்டமிட்டு நடத்துகிற விளையாட்டுகள், இவற்றை வாரக்கணக்கில் ஆடிப் பார்த்து எது நன்றாக இருக்கிறது, எது சொதப்பல் என்று தமிழில் சொல்வாள். முன்னறையின் சன்னல்களைச் சாத்தி, காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதியம் உட்கார்ந்தால், வெளியே மாடு கத்துவதும் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் லாரிகள் திணறி ஏறுவதும் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போல அமுங்கிப்போகும்.

இந்த முறை கையில் எடுத்தது 'உப்புக் கணவாய்'. கோவையில் சில இளைஞர்கள் சேர்ந்து செய்தது. உப்பு மூட்டைகளோடு மலையைக் கடக்கும் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவர். யாருக்குத் தண்ணீர், யார் தலையில் எவ்வளவு சுமை, எந்தப் பாதை, எல்லாம் உங்கள் முடிவு. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒருவனைப் பட்டினி போட்டால் மற்றவர்கள் உங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள். அதைப் பெரிய நிறை என்று எழுதினாள். கொள்ளையர்கள் எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதையும், பொதிமாடுகள் பாறையில் சிக்கி ஆடிக்கொண்டே நிற்பதையும் குறை என்று எழுதினாள். ஆனால் அவளைச் சீண்டியது அந்தக் காலடிதான். கதை நடப்பது சரளைக்கல் பாதையில். கேட்பதோ, வேர்வை பிடித்த வெறுங்கால் வழவழப்பான தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் யாரோ நடக்கிற மாதிரி. ஒலிக்கு மெனக்கெட மனமில்லை என்றால் ஒலியே இல்லாமல் விட்டிருக்கலாமே என்று காணொளியில் சூடாகவே கேட்டிருந்தாள்.

காணொளி வெளியான மறுநாளே வசவு தொடங்கியது. ஆடிப் பார்த்த ஒருவருக்கும் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. காது டாக்டரிடம் போகச் சொன்னார்கள். சமையலறையிலிருந்து வந்த சத்தமாக இருக்கும், போய் அடுப்பைப் பார் என்று ஒருவன் எழுத, அதற்கு ஊரே சிரித்துவைத்தது. விளையாட்டுக்கு ஒலி அமைத்த அருண்குமார் என்பவர் அடக்கமாக ஒரு பதில் போட்டிருந்தார். பின்னால் வரும் ஆட்களுக்குக் காலடி ஓசையே வைக்கவில்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை, மேடம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அந்த அடக்கம்தான் அவளுக்குக் கடைசி அடியாக விழுந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

போனில் மாதுவிடம் கொட்டினாள். அவன் எதையோ மென்றுகொண்டே கேட்டான். ஒரு சாரி போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொன்னான். இந்த வாரம் கூடுதல் ஷிப்டு, வரமுடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டான். இரவுச் சாப்பாட்டை அவள் அப்படியே மூடிவைத்தாள்.

அடுத்த சில நாட்கள் அவள் விளையாடவில்லை, வேவு பார்த்தாள். தலைவனை நடத்துவது, நிறுத்துவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது. காலடி இடது பக்கம் கேட்டது, பிறகு வலது பக்கம். முன்பெல்லாம் தூரத்தில் நின்றுவிடும் ஓசை இப்போது கிட்டே வந்து நின்றது, நாற்காலியின் முதுகுக்கு நேர் பின்னால் என்று சொல்லும்படி. ஒலியமைப்பு மோசம் என்று இனி எப்படிச் சொல்வது, திசையைக்கூட இவ்வளவு துல்லியமாகக் கொடுத்திருக்கிறார்களே என்று அவள் இன்னும் கொதித்தாள். இவ்வளவு வேலை செய்துவிட்டுச் செய்யவில்லை என்று பொய் சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும். அறையில் மழையில் ஊறிய சாக்கின் வாடை அடித்தது. சேகோ மில் கழிவுநீரைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று மில்காரனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, ஒருக்களித்திருந்த கடைசிச் சன்னலையும் இழுத்துச் சாத்தினாள். வாடை குறையவில்லை. கொஞ்சம் கூடியது போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அருண்குமாரையே வீடியோ காலில் பிடித்தாள். தன் கேமராவை அணைத்துவிட்டு, தன் திரை அவருக்குத் தெரியும்படி வைத்தாள். மலைப்பக்கம் மேகம் இறங்கி, வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பொழுது சாயாத நேரத்திலேயே அறை மூலைகள் கறுத்திருந்தன. அருண்குமார் மெலிந்த முகத்தோடு, சங்கடத்தோடு தெரிந்தார். தானும் அதே மாவட்டம், பாப்பாரப்பட்டிக்காரன்தான், அவளுடைய எல்லாக் காணொளியையும் பார்ப்பவன் என்று ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசை வரும் கணத்தில் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும்.

வந்தது. ஒட்டி, பிரிந்து, ஒட்டி, பிரிந்து.

அருண்குமாரின் கண்கள் சுருங்கின.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க, மேடம்."

உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது அவளுக்கு. இத்தனை நாள் விழுங்கியது அத்தனையும் தொண்டைக்கு வந்தது. "அப்ப எழுதிப் போடுங்க. தப்பு எங்களுதுதான்னு உங்க பேர்லயே எழுதிப் போடுங்க. எத்தன பேர் என்னைய என்ன பேசினாங்கன்னு பாத்தீங்கல்ல?"

அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், கேம் ஓடலைங்க. நீங்க திரைய ஷேர் பண்ணப்பலருந்து நிறுத்தி வெச்சபடியேதான் நிக்குது. கேம் சத்தம் எதுவும் எனக்கு வரல. இது உங்க மைக்ல வர்ற சத்தங்க."

அவள் திரையைப் பார்த்தாள். தலைவன் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்திருந்தான். 'தொடரவா?' என்ற எழுத்து மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அவசரத்தில், ஆத்திரத்தில், அவள் ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை.

"வூட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல."

அருண்குமாரின் குரல் இறங்கியது. "இப்ப நின்னுடுச்சுங்க. மைக்குக்கு ரொம்பக் கிட்டத்துல. மேடம், நீங்க கொஞ்சம் வெளிய போயிருங்களேன்."

அப்போதுகூட அவளுக்கு வந்தது கோபம்தான். எல்லோரும் அவள் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுப்பைப் பார், வீட்டைப் பார், சாரி சொல், வெளியே போ. விமர்சனத்தை நீக்கவைக்க இப்படியும் ஒரு பயமுறுத்தலா? அழைப்பைத் துண்டித்தாள். ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள்.

அறை நிசப்தமாக இருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. எழுந்து வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினாள், படுக்கையறை, கட்டிலுக்கு அடியில், குளியலறை, சமையலறை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. முன்கதவும். உள்ளே வந்தவன் எவனும் வெளியே போயிருக்க முடியாது. வெளியே இருப்பவன் எவனும் உள்ளே வந்திருக்க முடியாது. மேசையில் போன் அடிக்கத் தொடங்கியது. அருண்குமார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

எவனோ விளையாடுகிறான். அப்படித்தான் நினைத்தாள், அப்படி நினைக்கத்தான் அவளுக்குத் தெம்பு இருந்தது. சமையலறை அலமாரியிலிருந்து ராகி மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னறைத் தரை முழுக்க, படுக்கையறை வாசலிலிருந்து தன் மேசை வரை, அள்ளி அள்ளி வீசினாள். வெள்ளை டைல்ஸ் பழுப்பாகிக்கொண்டே வந்தது. மாது இருந்தால் மாவை இப்படியா பாழாக்குவாய் என்று கேட்டிருப்பான். அந்த நினைப்பே இன்னும் இரண்டு கை வீசவைத்தது. டப்பாவைச் சுவரோரம் உருட்டிவிட்டு, மேசையில் முதுகு படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். வெறுங்கால்களை மாவின் மேல் ஊன்றிக்கொண்டாள்.

"வா. வந்து முன்னால நில்லு. பின்னாலயே சுத்தாத."

தன் குரல் அவளுக்கே பிடித்திருந்தது. அதில் நடுக்கம் இல்லை.

கரண்ட் போனது. விசிறி ஒவ்வொரு சுற்றாகத் தளர்ந்து, முனகி, நின்றது. போனும் அடிப்பதை நிறுத்தியது. சாத்திய சன்னல்களின் இடுக்கில் சாயங்காலத்தின் மிச்சம் நூல் நூலாக இறங்கி மாவின் மேல் கிடந்தது. ஊறிய சாக்கின் வாடை இப்போது வெளியிலிருந்து வரவில்லை என்பது தெரிந்தது. இத்தனை நாளும் வெளியிலிருந்து வந்திருக்கவே இல்லை என்பதும்.

படுக்கையறைப் பக்கம், ஒட்டிப் பிரியும் சத்தம்.

ஹெட்போன் இல்லாமல். முன்னெப்போதையும்விடத் தெளிவாக. இத்தனை நாளும் காதை மூடியிருந்த ஹெட்போன் மெத்தைதான் அதை அமுக்கி வைத்திருந்தது.

வாசலில் மாவு அமுங்கியது. ஒரு பாதம். குதிகால், உள்வளைவு, ஐந்து விரல். நீளமான பாதம். அதன் முன்னால் இன்னொன்று. மேலே யாருமில்லை. சன்னல் ஒளி அந்த இடத்தைக் கடந்து நேராகச் சுவரில் விழுந்தது.

அது அவசரப்படவில்லை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அத்தனை நாள் சேர்த்துவைத்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மேசை தடுத்தது. காலைத் தூக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை.

நடு அறை. மின்விசிறிக்குக் கீழே. பிறகு அதற்கும் இப்பால்.

நின்றது.

சொன்னதைக் கேட்டிருந்தது. முன்னால் வந்து நின்றிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. தரையையே பார்த்தாள். தன் பாதங்களைப் பார்த்தாள். அவற்றுக்கு இடது பக்கம் மாவு மெல்ல விலகியது. வலது பக்கமும் விலகியது. நாற்காலியோடு அவளை நடுவில் வைத்து, இரண்டு புதிய தடங்கள்.

அவற்றில் குதிகால் இல்லை. முன்பாதம் மட்டும். விரல்கள் மட்டும். முகத்தை அருகில் பார்க்கக் குனிகிறவனுடைய கால்கள்.

உச்சந்தலையில் ஈரமாக ஏதோ ஒன்று சொட்டியது.

விரல்கள் மாவுக்குள் இன்னும் ஆழமாக அழுந்தின.